தர்ப்பண வீடியோ

"அப்பா, மறுபடியும் தப்பு!" என்று செல்போன் கேமராவை நிறுத்தினாள் ஸ்னேகா.

அமாவாசைத் தர்ப்பணம் செய்யும் முறையை வண்ணார்பேட்டை வீட்டுக் கூடத்தில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா புரோகிதர் சாம்பசிவத்தின் யூடியூப் சேனலைப் பார்த்துத்தான் வெளிநாட்டில் பல பிள்ளைகள் தர்ப்பணம் செய்கிறார்கள். வழக்கமாக அவர் கையை மட்டும் எடுப்பாள். இன்று முகமும் தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தார்.

"என்னடி தப்பு?"

"தாத்தா பேரைச் சொல்ற இடத்துல உன் பேரைச் சொல்றே. ஒவ்வொரு தடவையும் இதேதான்."

"தெரிஞ்சுதான் சொல்றேன். எள்ளு சேர்த்தாத்தான் தர்ப்பணம். இது வெறும் தண்ணிதான்."

"பாக்கறவா குழம்பிடுவா. அமெரிக்காவுல எவனாவது அவன் அப்பா பேரை விட்டுட்டு உன் பேருக்குத் தண்ணி விடப் போறான்!"

"இதைச் சேனல்ல போடாதே. உன் போன்லயே வச்சுக்கோ."

"பின்ன, யாருக்கு இந்த வீடியோ?"

"என் பேரைச் சொல்லித் தண்ணி விட எனக்கு யார் இருக்கா? நீ ஒருத்திதானே?"

ஸ்னேகா போனைத் தாழ்த்தினாள். "பொண்ணு பண்ணினா எந்த சாஸ்திரிகளும் ஒத்துக்க மாட்டாளேப்பா."

"அதுக்குத்தான் முகத்தையும் எடுக்கச் சொன்னேன். எவராவது கூடாதுன்னா இதைப் போட்டுக் காட்டு. சொன்னது நான்தான்னு தெரியட்டும்."

விரலில் இருந்த தர்ப்பைப் பவித்திரத்தைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ம், எடு. கை ஆடாமப் பிடி."