ஊறிப்போன சுவர்

பக்கத்துக் கட்டடத்து அக்கா வீட்டுக்காரியைப் பார்க்க உள்ளே நுழைந்தபோது, ஊறிப்போன சுவரின் பூச்சை ஒரு பெண் கொத்திக்கொண்டிருந்தாள். செங்கல் தெரிந்ததும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“இன்னும் காயணும். இப்பப் பூசினா திரும்பவும் உப்பிக்கிட்டு வரும்.”

அக்காவுக்கு உயிர் வந்தது. “எங்க சுவரும் இப்படித்தான் உதிருது. கைக்குழந்தையோட மக வரப்போறா. கேட்ட கூலி தர்றேன், அடுத்து எங்க வீட்டுக்கு வந்துடும்மா!”

வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். “நல்ல ஆளைப் பிடிச்சீங்கக்கா! இவ மாடி வீட்டுக்காரி. இவ குளியலறை ஒழுகித்தான் என் சுவருக்கு இந்தக் கதி. குழாயை மாத்தின கையோட உளியைக் கொடுத்து இறக்கிவிட்டுட்டேன்.”

அக்காவின் முகம் தொங்கிப்போனது.

மாடி வீட்டுக்காரி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

“உங்க வீட்டுக்கு மேல யாருக்கா இருக்காங்க? வாங்க, கதவைத் தட்டுவோம். வேலையை நானே அவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.”