ஒரு வாளித் தார்

"ஏனோக், வெளிய வாடா! நீயா வந்தா நடந்து வருவ. நாங்க உள்ள வந்தா இழுத்துட்டுப் போவோம்!"

வாசலில் அறுபது பேர். சுதந்திரம், சுதந்திரம் என்று கத்திக்கொண்டு ஒற்றை ஆளைப் பிடிக்க வந்திருந்தார்கள். இங்கிலாந்தின் வரியை எதிர்த்துப் பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டியதிலிருந்து எங்கள் துறைமுகத்திலும் எல்லோருக்கும் இப்படித்தான் ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது.

ஏனோக்குக்குச் சுங்க வேலை. எந்தக் கப்பலில் என்ன இறங்குகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கிலாந்து ராஜா அதற்குத்தான் சம்பளம் தருகிறார். போன வாரம் ஒரு கப்பலில் வரி கட்டாத ஒயின் பீப்பாய்கள் இருப்பதை எழுதிக் கொடுத்துவிட்டான். சுங்க அதிகாரிகள் கப்பலையே பறித்துக்கொண்டார்கள். கயிற்றுப் பட்டறை முதலாளி ஓபேத்தின் கப்பல் அது.

ஏனோக்கின் மனைவி கெசியா கதவை மறித்து நின்றாள்.

"வேண்டாம் ஐயா. அவர் வேலையை விட்டுடுவார். இப்பவே எழுதிக் கொடுப்பார்."

"எழுதினது போதும்மா," என்றான் ஓபேத். "இன்னைக்கு அவன் முதுகுல நாங்க எழுதுறோம்."

கூட்டம் சிரித்தது. தலையணைகளைக் கிழித்து இறகை ஒரு கோணியில் தயாராக வைத்திருந்தார்கள்.

அது எதற்கென்று கெசியாவுக்குத் தெரியும். பக்கத்து ஊரில் போன மாதம் ஒருவன் மேல் இப்படித்தான் கொதிக்கிற தாரை ஊற்றி இறகு ஒட்டினார்கள். தாரை உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. பத்து நாள்கூட அவன் தாங்கவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆசகேல் வந்தான். அடுத்த வீட்டுக்காரன். கப்பல் இடுக்குகளுக்குத் தார் பூசுகிறவன். அவன் வந்தால் தார் வாடை நூறடி முன்னால் வரும்.

கெசியாவுக்கு உயிர் வந்தது.

"ஆசகேல் அண்ணே! நீங்களாவது சொல்லுங்கண்ணே!"

பிறகுதான் அவன் கையில் ஆவி பறக்கும் வாளியைப் பார்த்தாள்.

"தள்ளும்மா," என்று அவளைப் பிடித்துத் தள்ளினான் ஆசகேல். படியில் போய் விழுந்தாள். "அந்தக் கப்பலுக்குத் தார் அடிச்சவன் நான். என் ரெண்டு மாச உழைப்பு அப்படியே போச்சு. நான்தான் ஊத்துவேன். வேற எவனும் வாளியத் தொடக் கூடாது!"

"அப்படிப் போடு!" என்றது கூட்டம்.

ஏனோக்கை இழுத்து வந்து சட்டையைக் கிழித்தார்கள்.

"எல்லாரும் பின்னால போங்க. தெறிச்சா உங்க தோலும் உரியும்," என்றான் ஆசகேல்.

அதுவரை முண்டியடித்த வீரர்கள் பத்தடி பின்வாங்கினார்கள்.

ஆசகேல் குனிந்து ஏனோக்கின் கழுத்தை அழுத்திப் பிடித்தான். முதல் கரண்டியை முதுகில் ஊற்றினான். ஏனோக் போட்ட அலறலில் கெசியா காதைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் கத்துடா! ராஜாவுக்குக் கேக்க வேண்டாமா?"

சிரித்துக்கொண்டே ஊற்றினான், பாவி. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பன்னிரண்டு வருஷம் வாழ்ந்தவன்.

இறகைக் கொட்டி, வண்டியில் ஏற்றி, துறைமுகத்தைச் சுற்றி வந்து, பொழுது சாயும் நேரத்தில் ஏனோக்கை வீட்டுக்குள் தள்ளினார்கள். அப்போதும் ஆசகேல் விடவில்லை.

"பத்து நாளைக்கு இவன் மூஞ்சி வெளிய தெரியக் கூடாது! எந்த வைத்தியனும் இந்தப் படிய மிதிக்கக் கூடாது! மிதிச்சா அடுத்த வாளி அவனுக்குத்தான்!"

கதவை அறைந்து சாத்தினான்.

கெசியா பன்றிக் கொழுப்பை எடுத்துவந்தாள். தாரை எடுக்க அதை விட்டால் வழியில்லை. முதுகில் தடவப் போனபோது முழங்கை பட்டு, பக்கத்திலிருந்த வெந்நீர்க் குவளை அவன் மேல் சரிந்தது.

கறுப்பு கரைந்து ஓடியது. அடியில் தோல் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு கொப்புளம் இல்லை.

தண்ணீரில் தார் கரையாது. துறைமுகத்தில் பிறந்தவளுக்கு அது தெரியாதா? விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

கரும்புப் பாகு. தினமும் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிற அதே பாகு.

"ஏங்க... இது..."

"மெதுவா பேசு," என்று கிசுகிசுத்தான் ஏனோக். "முதல் கரண்டியிலயே காதுல சொல்லிட்டான். 'உசுரு போற மாதிரி கத்து, தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் நிஜத் தார்தான்'னு."

வெளியே ஓபேத்தின் குரல் கேட்டது.

"என்னடா ஆசகேல், உள்ள சத்தத்தையே காணோம்? தோல் உரியிறவன் இப்படியா அமைதியா கிடப்பான்? இரு, ஒரு எட்டு பாத்துட்டு வரேன்."

"பாக்க என்னய்யா இருக்கு?" ஆசகேலின் குரல் பிசிறடித்தது.

படியில் ஓபேத்தின் காலடி. ஒன்று. இரண்டு.

கெசியா பாய்ந்து போய் ஜன்னலைத் திறந்தாள். கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது.

"அடப்பாவி ஆசகேல்! என் புருஷன் தோல உரிச்சிட்டியேடா! மயங்கிக் கிடக்கிறாரேடா! நீ நல்லா இருப்பியா? உன் கை அழுகிப் போகும்டா!"

ஓபேத் திருப்தியாகச் சிரித்துவிட்டுப் படியிறங்கினான். ஆசகேல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

தன் வாழ்நாளில் அவள் யாருக்கும் இவ்வளவு மனதார நன்றி சொன்னதில்லை.