கேற்றடியில் நிற்கிற மோட்டார்சைக்கிள்

“இந்தப் பழைய சாமானை உங்களை ஆர் வாங்கச் சொன்னது?”

பின்னால் இருந்த அருள்மலர் கேட்டு வாய் மூடவில்லை, மோட்டார்சைக்கிள் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

நிலாவெளியில் தங்கச்சி மத்தியானச் சாப்பாட்டோடு பார்த்துக்கொண்டிருப்பாள். இங்கே, சல்லிக் கிராமத்துக்குத் திரும்புகிற சந்தியில், வெயிலில் நிற்கவேண்டிக் கிடக்கிறது.

“கொஞ்சம் பொறும். சிவபாதம் வீட்டுக் கேற் இதுதானே. அவனுக்குக் காட்டுவம்,” என்று புருசன் இக்னேசியஸ் உள்ளே தள்ளத் தொடங்கினார்.

அருள்மலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கி இரண்டு மாதம். காலையில் மீன் வாங்கப் போகிற மனிசன் பதினொரு மணிக்குத்தான் வருவார். கேட்டால், “வழியில நிண்டிட்டுது, சிவபாதம்தான் பாத்துத் தந்தவன்.” ஒரு நாள் பிளக் வயர். ஒரு நாள் சோக். இருபத்தாறு வருசம் துறைமுகத்தில் எஞ்சின் திருத்தின ஆளுக்கு இதைத் திருத்த ஏலாதாம்.

அங்கே கூட வேலை செய்தவர்தான் சிவபாதம். பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்த்ததற்குப் பிறகு, அருள்மலர் இன்றைக்குத்தான் அவரைக் காண்கிறாள். முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்.

“உதை,” என்றார்.

இக்னேசியஸ் உதைத்தார். சிவபாதம் தலையைச் சரித்துக் கேட்டார்.

“பிளக் இல்லை. பெற்... றோல். வரேல்ல.”

கதிரைக் கையை ஊன்றி எழும்பினார். ஒரு காலை இழுத்து இழுத்து ஆறேழு அடி நடந்து வந்தார். நடுங்குகிற விரலால் பெற்றோல் தாங்கிக்குக் கீழே தடவிக் குழாயைத் திறந்தார். நாலாவது உதையில் எஞ்சின் பிடித்தது.

“குழாயைப் பூட்டிப்போட்டு ஓடியிருக்கிறாய், மடையா.” ஒரு பக்க வாயால் சிரித்தார்.

அருள்மலருக்கு வெட்கமாகப் போய்விட்டது. குசினிக்குள் போய், சிவபாதத்தின் மனைவி இரத்தினேஸ்வரியிடம் சொன்னாள்: “ஒவ்வொரு நாளும் வந்து உங்களுக்குக் கரைச்சல். குறை நினைக்காதேங்கோ.”

“என்னக்கா கதைக்கிறீங்கள்? ஆஸ்பத்திரியால வந்து நாலு மாசம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த மனிசன். ஒரு சொல்லுக் கதைக்கேல்ல, கால் நிலத்தில வைக்கேல்ல. இந்த எஞ்சின் கேற்றடியில வந்து நிண்ட பிறகுதான் எழும்பினவர்.”

அருள்மலர் யன்னலால் பார்த்தாள். இக்னேசியஸ் ஒன்றும் தெரியாதவர்போலக் குனிந்து நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப, இவர் வேணுமெண்டோ நிப்பாட்டிறவர்?”

இரத்தினேஸ்வரி குரலைத் தணித்தாள்.

“பாலத்தடியில குழாயைப் பூட்டினால் சரியா எங்கட கேற்றடியில நிக்குமாம். எங்கட ஆள்தான் எனக்குச் சொன்னவர். தனக்கு இது விளங்கினதெண்டு மட்டும் இக்னேசியஸ் அண்ணாவுக்குச் சொல்லிப்போடாதையாம், அவன்ர மனம் நோகுமாம்.”