எந்தக் கால்?

பாத்ரூம் சுவரில் பதித்திருந்த ஸ்டீல் கம்பியைப் பிடித்து, தன் முழு எடையையும் அதில் போட்டுத் தொங்கிக் காட்டினார் எத்திராஜ்.

கம்பி அசையவில்லை.

பெங்களூர் ஜீவனஹள்ளி வீட்டுக்கு நான் சாவி வாங்கத்தான் போயிருந்தேன். வீடு காலியாக, கழுவித் துடைத்துக் கிடந்தது. பதினொரு வருடம் குடியிருந்தவர்கள் ஒரு மூலையில்கூட அழுக்கை விட்டுப்போகவில்லை. எத்திராஜ் சாவியை நீட்டவில்லை. முதலில் இதைப் பாருங்கள் என்று என்னை பாத்ரூமுக்கு அழைத்துப் போனார்.

அந்த வீட்டை வாங்கி எனக்கு ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அவர் வீட்டோடு சேர்ந்து வந்த வாடகைக்காரர்.

அவரைக் காலி செய்யவைக்கும் யோசனை டெஸ்மண்டுடையது. என் ஆபீஸ்காரன். ரிச்சர்ட்ஸ் டவுனில் நான்கு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறவன். பழைய வீடு வாங்கினால் முதலில் பாத்ரூமை உடை, வயரிங்கை மாற்று, ஒரு வீட்டை மூன்று ரூமாகத் தடுத்து ஐடி பசங்களுக்கு விடு என்றான். இருக்கிற ஆட்களிடம் ரிப்பேர் வேலை என்று மட்டும் சொல்லாதே, முடிந்ததும் திரும்பி வருகிறோம் என்பார்கள்; அம்மா வரப்போகிறாள் என்று சொல், யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்றான்.

சொன்னேன். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, மாடி ஏற முடியவில்லை, கீழ் வீடாக வேண்டும் என்று சொன்னேன்.

எத்திராஜ் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு மாதம் அவகாசம் கொடுத்திருந்தேன். மூன்றே வாரத்தில் ஹெண்ணூருக்கு அப்பால் ஒரு மாடி வீட்டைப் பிடித்துவிட்டார். அவர் மனைவி சரளா ஜீவனஹள்ளியிலேயே இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறார். இதுவரை நடந்து போனவர் இனி பஸ் ஏற வேண்டும். வயசானவங்களைக் காக்க வைக்கக் கூடாது என்று சரளாதான் அவசரப்படுத்தினாளாம்.

எத்திராஜ் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக வார்டு அட்டெண்டர். வயதானவர்களில் பாதிப் பேர் பாத்ரூமில் விழுந்துதான் எங்களிடம் வருகிறார்கள் என்றார். அதனால் கம்பி வாங்கி, நண்பரிடம் டிரில் இரவல் வாங்கி, தானே பதித்திருக்கிறார். வாசற்படியையும் கொத்திச் சரிவாக்கி சிமெண்ட் பூசியிருந்தார். அந்தப் படியை அவ்வளவு உயரமாக வைத்த மேஸ்திரியைக் கொஞ்சம் திட்டவும் செய்தார்.

கேட்டருகே கிரண் வந்து நின்றான். என் காண்ட்ராக்டர். கையில் பிளான் சுருள். டெம்போவில் சம்மட்டியோடு இரண்டு பேர். எத்திராஜ் பத்து மணிக்கே போயிருப்பார் என்று நினைத்து அவர்களைப் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன்.

யார் அவர் என்பதுபோல எத்திராஜ் பார்த்தார். பெயிண்ட் அடிக்க வந்திருக்கிறார் என்றேன்.

"அம்மாவுக்கு எந்தக் கால் சார்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

வலது கால் என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. கம்பி வலது பக்கச் சுவரில் இருந்தது. வலி இல்லாத பக்கம்தான் பிடித்து எழுந்திருக்க வசதி, தப்பான பக்கம் போட்டுவிட்டேனே என்றார்.

"உங்களைக் கேட்டுட்டுப் போட்டிருக்கணும், என் தப்பு. ஒரு அரை மணி நேரம் குடுங்க சார்."

வேண்டாம், நான் ஆள் வைத்து மாற்றிக்கொள்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. பையிலிருந்து டிரில்லை எடுத்துவிட்டார்.

அம்மா எவ்வளவு உயரம் என்று கேட்டார். என் தோள் வரைக்கும் என்றேன். என்னைக் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பென்சிலால் குறித்தார். டைல்ஸ் தூள் அவர் தலையிலும் என் சட்டையிலும் கொட்டியது.

ஒவ்வொரு முறை டிரில் நின்றபோதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மறுபடி அது ஓடத் தொடங்கியதும் நிம்மதியாக இருந்தது.

கிரண் ஒருமுறை உள்ளே வந்து எட்டிப் பார்த்தான். கம்பியைப் பார்த்தான், எத்திராஜைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டான்.

பழைய ஓட்டைகளை வெள்ளை சிமெண்டால் அடைத்த பிறகுதான் எத்திராஜ் சாவியைக் கொடுத்தார். அம்மா வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரளா வந்து பார்ப்பாள், புது இடத்தில் பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டுமே என்றார். தலையாட்டினேன்.

அவர் ஸ்கூட்டர் தெருவைத் தாண்டியதும் கிரண் வந்தான். கம்பியைக் கழற்றித் தரவா, அப்படியே உடைத்துவிடவா என்று கேட்டான்.

உடை என்றேன்.

கேட்டுக்கு வெளியே வந்து திருப்பத்தூரில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டேன்.

வீட்டைக் காலி செய்யக் கேட்டபோது எத்திராஜிடம் நான் சொன்ன ஒரு வார்த்தைகூட என் கற்பனை இல்லை. எல்லாம் போன பொங்கலுக்கு அம்மா என்னிடம் சொன்னவை. முட்டி தேஞ்சுபோச்சு, ஆடுகோடியில நீ இருக்கிற மூணாவது மாடிக்கு என்னால ஏற முடியாது, கீழ் வீடா ஒண்ணு பாத்தா நானும் உன்கூட வந்து இருந்துடுவேன் என்றாள். பெங்களூரில் அப்படியெல்லாம் வீடு கிடைக்காது என்று சொல்லியிருந்தேன். இந்த வீட்டை வாங்கியது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

எந்தக் கால் வலிக்கிறது என்று கேட்டேன்.

இடது கால் என்றாள்.

எத்திராஜ் முதலில் போட்டிருந்ததுதான் சரியான பக்கம்.

அம்மா மெதுவாக, "ஏம்பா, கீழ் வீடு ஏதாச்சும் கெடைச்சிருக்கா?" என்று கேட்டாள்.

சும்மாதான் கேட்டேன் என்றேன்.

உள்ளே சம்மட்டி விழத் தொடங்கியது. அங்கே என்ன சத்தம் என்றாள்.

பக்கத்து வீட்டில் வேலை நடக்கிறது என்றேன்.