பன்னிரண்டாவது அட்டை

பன்னிரண்டு அட்டை குறைந்தது.

அட்டையக்கா மூன்றாவது தடவையாக எண்ணினாள். அதே கதைதான். கிழிந்த மூட்டைகளிலிருந்து வெட்டி எடுத்த அட்டைகள் முப்பது இருக்க வேண்டும். பெட்டியில் பதினெட்டுதான்.

அந்த விதை ஆலையில் மூட்டைக்கு ஓர் அட்டை. மேல் பாதியில் வரிசை எண், எந்த வயலின் விளைச்சல், என்றைக்குச் சுத்தம் செய்தது என்ற விவரம். கீழ்ப் பாதியில் சிவப்பு மண்டையோடு. மருந்து கலந்த விதை, தின்னக் கூடாது என்று அர்த்தம். தைக்கும்போது மூட்டை கிழிந்தால் விதையை வேறு சாக்குக்கு மாற்றி, பழைய அட்டையை வெட்டிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஓர் அட்டை வெளியே போனாலும் எவனாவது பதரைக் கட்டி, அதைத் தைத்து விற்றுவிடுவான். முளைக்காத வயலிலிருந்து தடம் பிடித்து வருகிறவன் நேராக இவள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பான்.

அட்டைக்குப் பொறுப்பு என்பதால் மட்டும் அந்தப் பெயர் வரவில்லை. பிடித்தால் விடமாட்டாள் என்பதும் உண்டு.

நாலு மணிக்கு விதை ஆய்வாளர் வருகிறார். இப்போது மூன்றரை.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள் தையல் மெஷின்காரி.

"அட்டை குறையுதுடி. என் வேலைக்கே உலை வச்சுட்டாங்க."

"இங்க யாரு வரா? நீங்க, நான், அப்புறம் அந்த வாயில்லாப்பூச்சி."

தரை பெருக்குகிறவளைத்தான் எல்லாரும் அப்படிச் சொல்வார்கள். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவாள்.

அட்டையக்காவுக்குச் சுருக்கென்றது. நேற்றுகூட இந்தப் பெட்டிப் பக்கம் குனிந்து நின்றாளே!

விறுவிறுவென்று போய், ஆணியில் தொங்கிய அவள் பையை எடுத்துக் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, கோணி ஊசி, கத்தரிக்கோல். அடியில் ரப்பர் பேண்ட் போட்ட சின்னக் கட்டு. எல்லாம் அட்டையின் மேல் பாதிகள். சரியாகப் பன்னிரண்டு.

"அடிப்பாவி! உப்பிட்ட இடத்துலயே கை வச்சிருக்கியா?"

பெருக்குகிறவள் துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"கீழ்ப் பாதியெல்லாம் எவனுக்கு வித்தே?"

"விக்கலக்கா."

"முழுங்கிட்டாளோ என்னவோ!" என்றாள் தையல்காரி.

"பின்னால வாங்கக்கா, காட்டறேன்."

பின்கட்டில் கிழிந்த சாக்குகள் குவிந்திருந்தன. வேலை முடிந்து போகும்போது வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ரெண்டு உதறு உதறினால் போச்சு என்பது எல்லாருடைய நினைப்பு.

அவள் ஒரு சாக்கின் வாயைப் பிரித்தாள். உள்பக்கம் சிவப்பு மண்டையோடு தைத்திருந்தது. அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

"இதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோறாங்க. தானியம், மாவுன்னு கொட்டி வைக்கறாங்க. அட்டையை வெட்டிட்டா மருந்துச் சாக்குன்னு யாருக்குத் தெரியும்? தூசியைக் கூட்டற எனக்கே கையில தோல் உரியுது. எண் இருந்தா யாராவது ஏமாத்துவாங்களேன்னு அந்தப் பாதியை வெட்டிட்டேன். வெளிப்பக்கம் தைச்சா நீங்க பிச்சுடுவீங்கன்னு..."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"போன மாசம் சொன்னேன்க்கா. 'பெருக்கறதை மட்டும் பாரு'ன்னீங்க."

சொன்னாள்தான். ஆனால் ஆய்வாளர் வருகிற நேரத்தில் அதை ஒத்துக்கொள்ள முடியுமா? அட்டையக்கா சாக்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினாள்.

"பதினொண்ணுதான் இருக்கு. பன்னெண்டாவது எங்கே?"

பெருக்குகிறவள் பிரித்த சாக்குகளை மறுபடி அடுக்கத் தொடங்கினாள்.

"பாத்தீங்களா? நல்லவ மாதிரி பதினொண்ணைத் தைச்சுட்டு ஒண்ணை வெளிய தள்ளிட்டா," என்றாள் தையல்காரி.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. அட்டையக்கா பெருக்குகிறவளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா! ஆய்வாளர்கிட்டயே சொல்லு."

"வேணாம்க்கா... உங்களுக்குத்தான் சங்கடம்."

"எனக்கென்னடி சங்கடம்? சொல்லு, எங்கே?"

"உங்க மக வீட்டுல இருக்கும்."

பிடித்திருந்த கை தானாக விட்டது.

போன வாரம் அட்டையக்கா மகளுக்கு என்று நல்ல சாக்காக ஒன்று எடுத்து வைத்தாள். "நான் மடிச்சுத் தர்றேன்க்கா" என்று பெருக்குகிறவள்தான் வாங்கிப்போய், சணல் போட்டுக் கட்டித் தந்தாள். காக்கா பிடிக்கிறாள் என்று அன்றைக்கு மனசுக்குள் சிரித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அந்தக் கட்டைப் பிரிக்காமலே மருமகனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

மகளுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

"சொல்லும்மா."

"நான் குடுத்தனுப்பின சாக்கு... அதுல என்னடி கொட்டி வச்சிருக்கே?"

"எதுவும் கொட்டலையே. பாப்பாவுக்குக் கஞ்சி வைக்கற அரிசியைக் கொட்டலாம்னுதான் பிரிச்சேன். சாக்கு வாய்க்குள்ள மண்டையோடு தைச்சிருந்துச்சு. அப்பவே குப்பையில போட்டுட்டேன்."

அட்டையக்கா அந்தச் சாக்குக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, நீதானே தைச்சு அனுப்பினே, மறந்துட்டியா?"