கம்பெனிக் கையுறை

காசநோய் மாத்திரைகள் குணவதியின் இருமலைத் தீர்த்தன. கூடவே விரல் நரம்புகளையும் தின்றுவிட்டன. ஆம்பூர் ஷூ கம்பெனி அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. தொடுகிற பொருளை விரல்களுக்கு உணர்த்தும் கையுறை ஒன்றைக் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு முன்பைவிட நன்றாகவே தோல் தரம் பிரித்தாள்.

வீட்டில்தான் தவிப்பு. மாத்திரை விழுங்கிய நாட்களில் பிறந்த மகளை எவ்வளவு தடவினாலும் கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஒரே ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துனு போறேன் சார்," என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சினாள்.

"கேட்டைத் தாண்டினா அது வேலை செய்யாதும்மா. வேணும்னா பாப்பாவ இங்க கொண்டாரச் சொல்லு."

மறுநாள் சாப்பாட்டு வேளையில் கணவன் முனிரத்தினம் குழந்தையோடு வந்தான். குணவதி கையுறையுடன் ஓடிப்போய்க் குழந்தையின் கன்னத்தை மெல்ல வருடினாள். குழந்தை சிரித்தது.

"எப்டி கீது?" என்றான் அவன் ஆவலாக.

கையுறைக்குத் தெரிந்தது மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும்தான். தினமும் மேசையில் தடவிப் பிரிக்கிற முதல் தரக் கன்றுத்தோல்தான் அவள் விரல்களுக்கு வந்து சேர்ந்தது.

"பஞ்சு மாதிரி கீதுங்க," என்றாள்.

பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, எதையும் உணராத வெறுங்கைகளால் மகளை வாங்கிக்கொண்டாள்.