நான் கபிலன்

"அடுத்து வருபவர், மிஸ்டர் முகமது யூசுப்!"

சீனரான தொகுப்பாளர் மிஸ்டர் ஓங் கையை நீட்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது கபிலன். யூசுப் நாலு நாற்காலி தள்ளி இருந்தார்.

"நான் கபிலன், சார்."

"அய்யோ, சாரி லா!"

மூன்றாவது வருடமாக இதே சாரி.

நான்கு மொழிக் கவியரங்கில் தமிழுக்கு இருப்பதே இரண்டு பேர். யூசுப்புக்கு அறுபது வயது, வெள்ளைத் தாடி. கபிலனுக்கு மீசைகூடக் கிடையாது. அப்படியும் குழப்பம்!

இந்த முறை கபிலன் தயாராக வந்திருந்தான். கவியரங்கத் தலைப்பே 'இனம்'.

"எல்லாம் மரம்தானே என்று கடந்து போகிறாய்.
நான் வேம்பு. அவர் புளி.
ஒரு நிமிடம் நின்று பார்த்தால் என்ன?"

வரிக்கு வரி ஆங்கிலம் திரையில் ஓடியது. படித்து முடித்ததும் கைதட்டல் அடங்கவில்லை.

மிஸ்டர் ஓங் மேடைக்கே ஓடி வந்தார். "கபிலன்! கபிலன்! இனி செத்தாலும் மறக்க மாட்டேன்!"

அரங்கமே சிரித்தது. கபிலனும் சிரித்துவிட்டான்.

தேநீர் இடைவேளை. கவிதையை மொழிபெயர்த்த மிஸ் லிம்முக்காகத் தேக்கா கடைத்தெருவில் மைசூர்பாகு வாங்கி வந்திருந்தான். மூன்று வருடமாக அவன் கவிதைக்கு அவள்தான் ஆங்கிலம். மேடையோரம் நின்ற சீனப் பெண்ணிடம் போனான்.

"மிஸ் லிம், என் கோபம் சபைக்குப் புரிஞ்சதே உங்களாலதான். ரொம்ப நன்றி!"

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"நல்ல கவிதை, மிஸ்டர் கபிலன்."

நெஞ்சு நிமிரத் திரும்பி வந்தான்.

"என்ன தம்பி, மைக் பாக்குற மிஸ் டானுக்குப் பலகாரமெல்லாம் பலமா இருக்கு?" என்றார் யூசுப்.

"டானா? அவங்க மிஸ் லிம் இல்லையா, அண்ணே?"

"லிம் அதோ, வாசல்கிட்ட. உயரமா, சிவப்புச் சட்டை. ரெண்டு பேருக்கும் ஒரு அடி வித்தியாசம் இருக்கேப்பா!"

கபிலனுக்குக் காது சுட்டது. இத்தனை பேசிவிட்டு, நானா? மன்னிப்புக் கேட்க ஓடினான்.

அதற்குள் மிஸ் டான் வாசலுக்கே போயிருந்தாள். பிரிக்காத பெட்டி மிஸ் லிம்மின் கைக்கு மாறிக்கொண்டிருந்தது.

"இது மிஸ்டர் கபிலன் உங்களுக்காக வாங்கிட்டு வந்தது. கூட்டத்துல உங்களைக் காணோம்னு, என்கிட்ட கொடுத்து அனுப்பினார் லா!"